மூட்டு இன்னும் வலிக்கிறது

மூட்டுக்காரிக்கு,

உனக்குப் போட்ட புது ஊசியைப் பற்றி மகள் போனில் விளக்கினாள். மருந்து தண்ணீராக உள்ளே போய், குருத்தெலும்பு தேய்ந்த பள்ளத்தில் ஜெல்லியாக உறைந்துவிடுமாம். அதைப் பிடித்துக்கொண்டு புதுக் குருத்தெலும்பு வளருமாம். "அம்மா இப்ப பூங்காவை முழுசா ஒரு சுத்து சுத்துறாங்கப்பா" என்றாள். ரொம்ப சந்தோஷம்.

நாலு மாடி ஏற மூட்டு விடவில்லை, சரியானதும் வருகிறேன் என்றுதானே மகள் வீட்டுக்குப் பெட்டியைக் கட்டினாய்? ஊசி போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறதாம். அதையும் அவள்தான் வாய்தவறிச் சொன்னாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நீ மூச்சு வாங்க உட்காரும் ஸ்டூல் அங்கேயேதான் கிடக்கிறது. நேற்று கீழ்வீட்டுப் பெண் அதன்மேல் ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"அக்காதான் வரலையே சார், சும்மாதானே கிடக்குன்னு வச்சேன்" என்றாள்.

"நாளைக்கே வந்தா எங்க உட்காருவா? அவளுக்கு மூட்டு இன்னும் வலிக்குது!" என்று கத்திவிட்டேன்.

பாவம், "ஐயோ, இன்னுமா?" என்றபடி தொட்டியை எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் உனக்கென்று ஒரு வலித் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். மூடியைத் திறக்காமல் உன் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அவளிடம் உன் நம்பர் இருக்கிறது.

நீ நன்றாக நட. எவ்வளவு வேண்டுமானாலும் நட. அவள் போன் செய்து கேட்டால் மட்டும், இன்னும் கொஞ்சம் வலிக்கிறது என்று சொல்லிவிடு.

நாலாம் மாடியிலிருந்து,
உன் வீட்டுக்காரன்