மாமியார் கேட்ட ஒரே கேள்வி

செவ்வாய், 4 நவம்பர்
மழை. பாரிஸ் லாச்சப்பல் முழுக்க ஈரக் குடை நாற்றம். வாங்க வேண்டியது: வெண்டைக்காய், தேங்காய்ப்பால், மனைவி மரேவாவுக்குத் தைராய்டு மாத்திரை.

தாஹிட்டி ஆஸ்பத்திரியிலிருந்து போன். மாமியாருக்கு இனி சில நாள்தானாம். தொண்டையில் ஆரம்பித்த புற்று நுரையீரல்வரை வந்துவிட்டது. மரேவா மூன்று தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்து உடைத்தாள். நான் தடுக்கவில்லை. அவள் கழுத்திலும் தைராய்டு அறுவைத் தழும்பு. அவள் அக்காவுக்கும். பிரான்ஸ் அணுகுண்டு சோதித்த கடலில் அவர்களுடையது ஒரு சின்னத் தீவு.

மாமியாருக்கு ஒரே ஆசை. குண்டு வெடித்த அன்று அந்தத் தீவில் இருந்த பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா ஒருவன் தன்னிடம் பேச வேண்டும். பிள்ளைகளை ஏன் பட்டாளத்தாரின் கான்கிரீட் அறைக்குள் விடவில்லை என்று சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு சொல்தா இங்கே பாரிஸ் புறநகர் பொண்டியில் இருக்கிறார். என் அப்பா. பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர். "எங்கப்பா இருந்த தீவு" என்று பேச்சுக் கொடுத்துத்தான் மரேவாவே எனக்குப் பழக்கம். கல்யாணமான நாளாகக் கேட்கிறோம். மனுஷன் வாயைத் திறப்பதில்லை.

புதன், 5
வேலை முடிந்து நேரே பொண்டி. அப்பா பதினொன்றாம் தேதி போர் நினைவு விழாவுக்குப் பதக்கங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததுமே எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"அந்தம்மா போயிருவாங்கப்பா. ஒரு தடவ பேசுங்க."

"ரகசியம்னு கையெழுத்து வாங்கியிருக்கான்டா ரெனே."

"எந்தக் காலத்துல?"

"எந்தக் காலமா இருந்தா என்னா? நா சொல்தா."

பெட்டியோடு பதக்கங்களைச் சன்னல் வழியாக வீசினேன்.  அப்பா செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப்போய் ஈரப்புல்லில் குனிந்து பொறுக்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உதவிக்குப் போகவில்லை.

வெள்ளி, 7
குளிர். ஹீட்டர் மக்கர்.
அப்பாவே கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம வரேன். அந்தம்மாகிட்ட பேசுறேன்." மரேவா தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் எழுந்து வீட்டைக் கூட்டினாள். மீன் வாங்கி வரச் சொன்னாள்.

ஞாயிறு, 9
இடது கையால் எழுதுகிறேன். கோணல்.

காலையிலேயே அப்பா வந்துவிட்டார். கோட்டு, டை. மரேவா சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தாள். "மொதல்ல ஒங்கிட்ட சொல்லிப் பாக்குறேன். அப்பதான் தடுமாறாம வரும்" என்றார்.

"குண்டு தூரத்துல வேற தீவுல வெடிச்சுது. காத்து இந்தப் பக்கம் திரும்பிருச்சு. எங்களுக்கு கான்கிரீட் ரூமு. ஊர் சனத்துக்கு தகரக் கொட்டா. மழ புடிச்சுது, வெசமெல்லாம் அந்த மழைலதான். புள்ளைங்க எங்க ரூமுக்கு ஓடியாந்துச்சுங்க. நா கறுப்பு, அதுங்க ஆளு மாதிரியே இருப்பேன், எங்கிட்டதான் ஒட்டிக்கும். அதனால என்னியதான் கதவுல நிக்க வெச்சான் மேலதிகாரி. ஒரு பொடியன் கைய உள்ள வுட்டான். அவன் அக்கா பின்னாடி நின்னு அழுவுது. நா சாத்துனேன். கை நடுவுல இருந்துச்சு. இருந்தும் சாத்துனேன்."

விரல் நசுங்கிய அந்தப் பொடியனை இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமியாரின் தம்பி. பிறகு ரத்தப் புற்றுநோயில் போனான், ஒன்பது வயதில்.

"ஏம்பா சாத்துனீங்க?"

"ஏன்னா..."

அதற்குள் அடித்துவிட்டேன். முஷ்டியால். தாடை உடைந்தது காதில் கேட்டது. நாற்காலியோடு சாய்ந்தார். விழுந்தவரை உதைத்தேன், விலாவில், மறுபடி விலாவில். டையெல்லாம் ரத்தம். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆம்புலன்ஸ்காரர்களிடம் படியில் விழுந்தார் என்றேன். பூசையிலிருந்து திரும்பிய மரேவா என் கையைப் பார்த்தாள். நடந்ததை அவளிடம் சொன்னேன்.

"ஏன் என்று சொன்னாரா?"

"சொல்ல ஆரம்பித்தார்."

அவள் என்னை அறைந்தாள். மீன் அப்படியே கிடக்கிறது.

திங்கள், 10
லீவு சொல்லியாயிற்று. மூலைக் கடைக்காரர்: "என்ன அண்ணை, கை வீங்கிக் கிடக்கு?"

"கதவுல மாட்டிக்கிச்சு." வேறு பொய் வரவில்லை.

"இஞ்சை ஐஸ் கிடக்கு, வையுங்கோ."

அப்பாவின் பல்வரிசையைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். வாரக்கணக்கில் பேச முடியாதாம். மாமியாருக்கு அவ்வளவு நாள் இல்லை.

செவ்வாய், 11
விடுமுறை. ஆஸ்பத்திரியில் அப்பாவின் அறையில் எங்களைத் தவிர யாருமில்லை. மாலை ஏழு, அங்கே விடிந்துவிட்டது. மரேவா ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் தலையணையில் போனை வைத்தாள். "அவரால் பேச முடியாது. நீ சொல்" என்றாள் என்னிடம்.

பிரெஞ்சில் சொன்னேன். கதவைச் சாத்தியது என் அப்பாதான் என்று.

மாமியார் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் கல்யாணப் படத்திலேயே அவர் முகம் அடையாளம் தெரிந்துவிட்டது. நான் அதையா கேட்டேன்? ஏன் சாத்தினார் என்று கேள்."

தாளும் பேனாவும் நீட்டினேன். அப்பா வாங்கவில்லை. மரேவா கெஞ்சினாள், அவர் விரலைப் பிரித்துப் பேனாவை வைத்தாள். அவர் என் வீங்கிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்கிறாரா?" என்று மாமியார் கேட்டார்.

மரேவா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்கிறாரா?"