பெரியவர் கையில் என் கட்டுரை

மார்ச் 3, செவ்வாய்

வகுப்பில் மைக் வேலை செய்யவில்லை. புலம்பெயர்ந்தவர்கள் போன இடத்தில் சங்கம் வைத்துத் தங்களைத் தாங்களே எப்படி ஆண்டுகொள்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் கத்தினேன். கடைசியில் ஒரு கேள்வி வந்தது: “இது பரீட்சைக்கு வருமா மேடம்?” வரும் என்றேன். வராது.

மதியம் ஹெச்.ஓ.டி. கூப்பிட்டார். ஐந்தாண்டு ஆய்வுத் திட்டம் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. நான் ஆய்வு செய்வது இந்த ஊரில் குடியேறி, தமிழும் பழகிவிட்ட ஆப்பிரிக்கர்களை; அவர்கள் சங்கத்தின் சம்மதக் கடிதம் ஒன்றுதான் பாக்கி, மாதக் கடைசிக்குள் வேண்டும். “அது வந்தா உங்க வேலை நிரந்தரம். வரலேன்னா ஜூனோட ஒப்பந்தம் முடியுது. என் கையில ஒண்ணும் இல்ல.” சொல்லும்போது பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடிதம் பெரிய விஷயமில்லை. சங்கத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்பது வருஷமாக அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் போய் நிற்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு



சங்கக் கூட்டம், டயர்க் கடைக்கு மேலே இருக்கும் அந்த நீள அறையில். தலைவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஊருக்கு முதலில் வந்து இறங்கிய குடும்பத்துக்காரர், இப்போது லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறார். இந்த வருஷம் பதவிக்கு நானும் நிற்கிறேன் என்று பின்னல்காரி எழுந்து சொன்னாள். தலைமுடி பின்னும் கடை வைத்திருப்பவள். யாரையாவது போலீஸ் பிடித்தாலும், யாராவது செத்து உடலை ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும் ஓடுவது அவள்தான்.

பெரியவர் கோபப்படவே இல்லை. பையிலிருந்து சில தாள்களை எடுத்தார். என் கட்டுரை! சில வருஷத்துக்கு முன்னால் இந்தச் சங்கத்தைப் பற்றி நான் எழுதியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: “இச்சங்கத்தில் தலைமை, முதலில் வந்த குடும்பங்களின் ஆண்களிடையே கைமாறுகிறது. தேர்தல் நடப்பதில்லை.”

“இதை நான் சொல்லல. யூனிவர்சிட்டி சொல்லியிருக்கு. எழுதின தங்கச்சி இங்கதான் இருக்கு, கேட்டுக்குங்க.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். களத்தில் ஆய்வாளர் யார் பக்கமும் பேசக் கூடாது, இது எங்கள் தொழிலின் பாலபாடம். குனிந்து குறிப்பு எடுக்கிற மாதிரி எதையோ கிறுக்கினேன். முடிவு அடுத்த ஞாயிறு. பின்னல்காரி என் பக்கம் பார்க்கவே இல்லை.

மார்ச் 9, திங்கள்

நடந்ததை எழுதினேன். நடக்க வேண்டியதை எழுதவில்லையே. அதை எடுத்துச் சட்டப் புத்தகமாக நீட்டுவார்கள் என்று நான் கனவா கண்டேன்?

மார்ச் 11, புதன்

பின்னல் கடைக்குப் போனேன். ஒரு பெண்ணின் தலையைப் பின்னிக்கொண்டே பேசினாள். “வீடு வீடா உங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பேச வெச்சது யாரு அக்கா? நான்தானே? கடைசியில என்னையே கட்டிப் போட்டுட்டீங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள், “ஞாயித்துக்கிழமை வந்து, அது எங்க விதி இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்” என்றாள்.

பக்கம் சாயக் கூடாது என்ற பல்லவியைப் பாடினேன்.

“அப்போ பேசாம இருந்தீங்களே, அது எந்தப் பக்கம்?”

நாற்காலியில் இருந்த பெண்தான், “கொஞ்சம் மெதுவா இழு, உசிர் போகுது” என்றாள்.

மார்ச் 13, வெள்ளி

பெரியவர் போன் செய்தார். வீட்டில் எல்லோரையும் விசாரித்தார். பிறகு, “கடிதம் ரெடி தங்கச்சி. ஞாயித்துக்கிழமை கூட்டம் நல்லபடியா முடியட்டும், கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்.”

நல்லபடியா. புரியாமல் என்ன?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். “உன் மனசுக்குச் சரின்னு பட்டதைச் செய்யின்னு சொல்ல எனக்கும் ஆசைதான். பொண்ணு காலேஜ் சேர்ற வருஷம் பாரு. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா என்ன குறைஞ்சு போகும்?” எனக்குச் சுர்ரென்று வந்தது. கத்திவிட்டேன். நான் உள்ளுக்குள் நினைத்ததையே அவர் வெளியே சொல்லிவிட்டார், அதற்குத்தான் அந்தக் கோபம். பாவம், ஒரு சட்டைக் கையைக் கருக்கிவிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

போனேன்.

பெரியவர் மறுபடியும் தாள்களை எடுத்தார். ஒரு வரி வாசிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கையைத் தூக்கிவிட்டேன் — யோசித்தா தூக்கினேன்? தெரியவில்லை.

“அதை எழுதினது நான்தான். அந்த வருஷம் இங்க நடந்ததைப் பார்த்து எழுதினேன். அது உங்க விதி இல்ல. விதி போடறது நீங்க.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ இதுல இருக்கிறது பொய்யா?”

“பொய் இல்லண்ணே. பழசு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவரைக் குத்தியது எனக்குத் தெரிந்தது, கஷ்டமாகத்தான் இருந்தது. கைதூக்கச் சொன்னார்கள். பெரியவரின் மருமகளே பின்னல்காரிக்குக் கை தூக்கினாள். அதன் பிறகு எண்ண அவசியமே இருக்கவில்லை. பெரியவர் பின்னல்காரிக்குக் கை கொடுத்துவிட்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனார். கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது.

மார்ச் 16, திங்கள்

மக்கு நான்! இப்போது தலைவர் பின்னல்காரி. கையெழுத்து அவளுடையதுதானே? காலையிலிருந்து பாட்டு முணுமுணுக்கிறேன். இவர்கூட, “கருகின சட்டைக்குக் கணக்கு சரியாப் போச்சு” என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

தரமாட்டேன் என்றுவிட்டாள்.

“உங்க மேல வருத்தம் இல்ல அக்கா. ஆனா நீங்க எழுதறது எங்க தலையில வந்து விழுது. இன்னைக்கு அவர் எடுத்தாரு, நாளைக்கு இமிக்ரேஷன்காரன் எடுப்பான். கொஞ்ச வருஷம் எங்களைப் பத்தி எழுதாதீங்க.”

படியிறங்கி, பஸ் ஏறி, வீடு வந்து சேர்ந்தது எதுவும் நினைவில் இல்லை. யாருக்காக வாயைத் திறந்தேன்? இவளுக்காகத்தானே? என் வேலை போச்சு, என் ஒன்பது வருஷம் போச்சு, இவளுக்கு என்ன? — வேண்டாம். இன்றைக்கு இதற்கு மேல் எழுத வேண்டாம்.

மார்ச் 18, புதன்

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கலாம் என்று நாள் முழுக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

ஹெச்.ஓ.டி.யிடம் சொல்லிவிட்டேன். “அப்போ ஜூன்” என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் பின்னல்காரி போன் செய்தாள். சங்கத்துக்கு அவர்களே உட்கார்ந்து விதிமுறை எழுதிவிட்டார்களாம். டைப் அடிக்க ஆள் வேண்டுமாம். “திருத்தக் கூடாது, நீங்களா ஒண்ணும் சேர்க்கக் கூடாது. சொல்றதை மட்டும் அடிக்கணும். முடியுமா அக்கா?” போகக் கூடாது என்று நினைத்தபடியே செருப்பை மாட்டினேன்.

அதே நீள அறை. அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அடித்தேன். தேர்தல், பதவிக்காலம், ஒருவர் இறந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நடுநடுவே ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னார். என்னிடம் பேசவில்லை. டீ வந்தபோது ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

எட்டாவது விதிக்கு வந்ததும் பின்னல்காரி சற்றுத் தயங்கினாள். பிறகு சொன்னாள்: “நம்மைப் பற்றி வெளியாள் எழுதிய எதையும், இதுதான் நம் வழக்கம் என்று இந்த அறையில் யாரும் காட்டக் கூடாது.”

வெளியாள் என்ற இடத்தில் விரல் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். மாற்றச் சொல்லவில்லை.

அடித்தேன். ஒன்பதாவது என்ன என்று கேட்டேன்.