சண்முகம் வெளியே நிற்கட்டும்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மருந்தை எழுதிக் கொடுத்தவர் மேல் தப்பா, எடுத்துக் கொடுத்த என் மேல் தப்பா? எனக்குத் தெரியவில்லை.

குவைத்தின் இந்த மங்காஃபில் இன்று காற்றே இல்லை. ஈரம் மட்டும். கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி பனித்துப் போனது.

மாலை வீராசாமி வந்தான். அரியலூர்ப் பக்கம். சாரம் கட்டும் வேலை. கூடவே அவர்கள் தங்கும் லேபர் கேம்ப்பை மேய்க்கும் கேம்ப் பாஸ் சண்முகம். டாக்டர் சீட்டில் வயிற்றுப் பிடிப்புக்கு மாத்திரை. போன வாரம்தான் முதுகுப் பிடிப்புக்கு ஒன்று, இரும்புச்சத்து ஒன்று, இதே பார்மசி கவுண்டரில் நான் கொடுத்தேன். மூன்றுமே மலத்தைக் கட்டக்கூடியவை.

"வெளிக்கு ஒழுங்கா போகுதா?"

வீராசாமி சண்முகத்தைப் பார்த்தான். "போகுது மேடம்."

"அவனுக்கு வயித்து வலி இல்ல மேடம், வேலை வலி." சண்முகத்துக்குச் சிரிப்பு வேறு.

டாக்டருக்குப் போன் செய்தேன். "நானும் கேட்டேன். போகுதுன்னுதானே சொன்னாரு. குடுங்க மேடம், கூட்டம் நிக்குது."

கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வாங்க வேண்டியது: தயிர், சீரகம், ஏ.சி. ரிமோட்டுக்கு பேட்டரி.

இன்று கவனித்துப் பார்த்தேன். கேம்ப் ஆட்கள் யார் வந்தாலும் சண்முகமும் டாக்டர் அறைக்குள் போகிறார். கேட்டால், பேச்சுக்கு உதவியாம். டாக்டர் சேலத்துக்காரர். வீராசாமி அரியலூர். நடுவில் என்ன உதவி? சிக் லீவ் எழுதிவிடக் கூடாதே என்று கம்பெனி அனுப்பும் காவல். அந்த ஆளை வைத்துக்கொண்டு எவன் சொல்வான், எனக்கு வெளிக்குப் போகவில்லை என்று? ராத்திரி ரூம் முழுக்கச் சிரிக்கும்.

டாக்டருக்கு இது தெரியாதா? கேட்டாராம். கேட்டதோடு கடமை முடிந்தது.

மகள் போனில்: "ரிலாக்ஸ்மா. யூ ஆர் நாட் த டாக்டர்." எல்லோரும் இதையே சொல்கிறார்கள். சீரகம் மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீ. மறுபடியும். காலையிலிருந்து வாந்தி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். புதுச் சீட்டில் வாந்திக்கு மாத்திரை (அதுவும் மலத்தைக் கட்டும்), பிடிப்பு மாத்திரை இரண்டு மடங்கு.

சண்முகத்திடம், இன்சூரன்ஸுக்கு இவன் ஐ.டி. நகல் வேண்டும், எதிர்க் கடையில் எடுத்து வாருங்கள் என்றேன். பொய். போனார்.

"இப்ப சொல்லு."

"முதுகு மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்தே போவலக்கா. இப்ப காத்துகூடப் பிரியல. வவுறு கல்லாட்டம் இருக்கு."

"தண்ணி குடிக்கிறியா?"

"குடிச்சா பாத்ரூம் போவணும்ல. சைட்ல அது தகரக் கொட்டாய்க்கா, உள்ள நிக்க முடியாது. கேம்ப்ல வெடியக்காலம் ஒரே லைனு. நின்னா பஸ்ஸு போயிரும், ஆப்சென்ட்டு."

"டாக்டர் வயித்த அமுக்கிப் பார்த்தாரா?"

"இல்லீங்க."

சீட்டோடு டாக்டர் அறைக்குப் போனேன். இதில் எதையும் நான் கொடுக்க மாட்டேன், அவனைப் படுக்க வைத்து வயிற்றைப் பாருங்கள் என்றேன். என் குரல் எனக்கே புதிது.

"மேடம், இங்க டாக்டர் நீங்களா, நானா?"

"நீங்கதான். அதனாலதான் பார்க்கச் சொல்றேன்."

பார்த்தார். கை வைத்ததும் அவர் முகம் மாறியது. அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே எழுதினார். ஆம்புலன்ஸ் வந்தபோது சண்முகம் நகலும் கையுமாக வாசலில். "என்ன மேடம், சும்மா வயித்து வலிக்கு இவ்ளோவா?"

நகலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தையாக வந்திருக்கும்.

ஞாயிறு கொடுத்த மாத்திரை அட்டையே கண்ணுக்குள் நிற்கிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

நடந்தது மட்டும்.

வீ. வார்டில் இருக்கிறான். மூக்கில் குழாய். குடல் அடைப்பு. ஆபரேஷன் தேவையா என்று நாளைதான் சொல்வார்களாம். சண்முகம்தான் சொன்னார், சிரிக்காமல்.

மேனேஜர் கூப்பிட்டு, சீட்டைத் திருப்பி அனுப்புவது பார்மசி வேலை இல்லை என்றார். டாக்டர் என்னோடு பேசவில்லை.

மாலை சண்முகம் வேறொரு ஆளோடு வந்தார். வயிற்று வலியாம். இரண்டு பேரும் உள்ளே போனார்கள், கதவைச் சாத்தினார்கள். கவுண்டரை விட்டு வந்து தட்டினேன்.

"யாரு?"

"பார்மசி. சண்முகம், நீங்க வெளிய வாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு சண்முகத்தை. "போங்க," என்றார்.

வெளியே வந்தார். கதவை நானே சாத்தினேன்.