ஏரிக்கு அடியில் வந்த குழாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகந்தி வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

நீங்கள் போர்வெல் லாரியில் நேராகக் கீழே துளைப்பீர்கள். இங்கே ஏரிக்கு அடியில் படுக்கைவாட்டில் துளைத்தோம். இந்தக் குளிர் தேசத்தில் வீடுகளைச் சூடாக்க வெந்நீர் கொண்டுபோகும் குழாயை நேற்று அந்தத் துளைக்குள் இழுத்தோம். குழாய் வழுக்கி வரக் களிமண் குழம்பை உள்ளே அழுத்துவார்கள். அது மேலே கசிந்து ஏரிக்குள் கொப்பளிக்கிறதா என்று படகிலிருந்து பார்ப்பது என் வேலை. படகு விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

பாதி வழியில் குழாய் சிக்கிக்கொண்டது. "வேகமா இழுங்க!" என்று மேலாளர் கத்தியது வயர்லெஸ்ஸில் கேட்டது.

"வேகமா இழுத்தா குழாய் பிஞ்சிரும்," என்றார் எந்திரம் ஓட்டும் ஊட்டா என்ற அம்மாள். குழம்பைக் கொஞ்சம் அழுத்திவிட்டு, "தண்ணி தெளிவா இருக்கா, சுகந்தி?" என்று கேட்பார். "தெளிவா இருக்கு" என்று நான் சொன்ன பிறகே ஒரு நூல் அளவு இழுப்பார். மத்தியானம் முழுக்க இப்படியே. அப்படியொரு பொறுமையை உங்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் குழாய் முழுசாகக் கரைக்கு வந்தது. நான் படகை விட்டு இறங்கியதும் ஊட்டா சேற்றுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். இந்த ஊருக்கு வந்தபின் என்னை ஒருவர் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு லிட்டர் குக்கருக்கு வாஷர் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிடும் நேரத்தில் போன் செய்யுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்; டிராம் வந்துவிட்டது, அப்பா.

சுகந்தி