பிரியாணி பத்தாத கல்யாணமும் நாற்பத்தெட்டு மணி நேரமும்

தென்காசி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மங்களாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், சாரலும் சௌக்கியம், துணிதான் காயவில்லை. அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மா முந்திக்கொள்வதற்குள் வெட்கங்கெட்ட விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் இரண்டு நாள் நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ஒளிந்திருந்தேன். இடுப்புவலிக்கு எண்ணெய் தேய்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னது பொய். ஐம்பத்து நான்கு வயது ஆம்பிளை, பத்தொன்பது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவன், இரண்டு சம்பந்தியம்மாள்களுக்குப் பயந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இதில் உனக்கும் பங்கு உண்டு, முழுவதும் படி.

நீ வந்திருந்தபோது ஸ்டுடியோ பரணில் கிடந்த முப்பத்தோரு ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்து, என்னமோ செத்த எலியைப் பார்த்த மாதிரி முகம் சுளித்தாய். கிளவுடில் மலிவான மூலை ஒன்று இருக்கிறது, அடிக்கடி தொடாததை எல்லாம் அங்கே போடுங்கள் அப்பா என்றாய். உன் கம்பெனியில் அப்படித்தானாம். சரி, படித்த பிள்ளை சொல்கிறதே என்று ஒரு வருடம் இரவு பகலாக ஏற்றினேன். சுந்தரபாண்டியபுரத்தில் ஒரே சூரியகாந்திப் பூவுக்குப் பின்னால் நின்று ஒரே மாதிரி சிரித்த எழுபது ஜோடியும் மேகத்துக்குப் போய்விட்டார்கள். பழைய டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கட்டும் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. நான்தான் கெட்டிக்காரனாயிற்றே, எல்லாவற்றையும் துடைத்து விற்றுவிட்டேன். உன் மலிவு மூலையில் போடுவது சுலபம். எடுக்க வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை ஃபைலின் பெயர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. தாலுகா ஆபீசைக் கம்ப்யூட்டருக்குள் கட்டியவன் யாரோ, நம்ம பக்கத்து ஆளாகத்தான் இருப்பான்.

அந்தப் பெயர்களில்தான் வினை. நம் ஊரில் நாலு மாப்பிள்ளைக்கு ஒரு மைதீன், மூன்று பெண்ணுக்கு ஒரு இசக்கி. பெயரை வைத்துத் தேடினால் எவன் கல்யாணம் என்று எப்படித் தெரியும்? அதனால் அந்தக் கல்யாணத்தில் என்ன கூத்து நடந்ததோ அதையே ஃபைலுக்குப் பெயராக வைப்பது என் வழக்கம். 'தாலி மறந்தது', 'நாதஸ்வரக்காரர் தூங்கினது', இப்படி. கடைக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு, மறைப்பானேன். தேதியாவது போட்டேனா என்றால் இல்லை. உன் கிளவுடோ எல்லாவற்றுக்கும் ஏற்றிய தேதியைத்தான் காட்டுகிறது.

போன திங்கட்கிழமை காலை நூர்நிஷா வந்தாள், ஜவுளிக்கடை மசூது வீட்டுக்காரி, அவள் மகள் ஹம்னாவைக் கூட்டிக்கொண்டு. கூடவே சம்பந்தியம்மாள், அதாவது மாப்பிள்ளை உவைஸின் உம்மா. உவைஸ் உன் பக்கம் ஏதோ ஒரு குளிர்நாட்டில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி முப்பது நாள் சேர்ந்திருந்தார்கள், மூன்று வருடமாகப் போனில்தான் குடித்தனம். கல்யாணம் நிஜம்தானா என்று சந்தேகப்பட்டு ஒருமுறை விசா மறுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சென்னையில் மறுபடி நேர்முகம். கல்யாண வீடியோ இல்லாமல் போகாதே என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டான். நான் கொடுத்த பென் டிரைவில் அண்ணன் பிள்ளை கார்ட்டூன் ஏற்றிவிட்டது. ஆல்பம் ஈரத்தில் ஒட்டி அப்பளக்கட்டாகிவிட்டது. இந்தத் தடவையும் விசா போனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னாவது, சொல்.

வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று மட்டும் பிரித்திருந்தேன், அந்த வருடத்துப் பட்டியலைத் திறந்தேன். ஹம்னா கல்யாணமாக இருக்கக்கூடியவை மூன்றே மூன்று. என் மறதி உனக்குத்தான் தெரியுமே, எது என்று பிடிபடவில்லை. நம் இன்டர்நெட் வேகத்துக்கு வெள்ளிக்குள் ஒன்றைத்தான் இறக்க முடியும். சம்பந்தியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடையே கேட்கும்படி வாசித்தாள்: 'பிரியாணி பத்தாதது', 'மாமியார் கோவிச்சுட்டுப் போனது', 'மாப்பிள்ளை அழுதது'. வாசித்துவிட்டு, "அது யாரு அண்ணாச்சி அந்த மாமியாரு?" என்று என்னையே பார்த்தாள். நூர்நிஷா முந்திக்கொண்டு, "எங்க வீட்டுக் கல்யாணத்துல ஒரு குறையும் கெடையாது, மூணு அண்டா வச்சோம், வேற பாருங்க" என்றாள். "எம் பிள்ள என்னத்துக்கு அழுதான், பொண்ணு வீட்டுச் சாப்பாட்டப் பாத்தா?" என்று இவள். எதைத் தொட்டாலும் ஒருத்தி மானம் போகிறது. ஹம்னா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தேடிக்கொண்டு இருக்கிறேன், ரெண்டு நாளாகும் என்று சொல்லிவிட்டுக் குற்றாலம் பஸ்ஸைப் பிடித்தேன்.

லாட்ஜில் பொய்யை மெய்யாக்க எண்ணெய் தேய்க்கிற பேச்சிராஜிடம் முதுகைக் கொடுத்திருந்தபோது ஹம்னா போன் செய்தாள். "மாமா, உம்மாட்டயும் மாமியாட்டயும் கேக்காதீங்க. பிரியாணி பத்தாததுதான் எங்களது. மூணு வருசமா ஊரே அதத்தான சொல்லிச் சிரிக்குது. எனக்கு விசா வந்தாப் போதும், எடுத்துருங்க" என்று, பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள். முதுகு கூசியது, எண்ணெயால் இல்லை. ஃபைலை எடுக்கப் போனால் எண்ணெய் விரல் வழுக்கி, போன் என்னை யாரென்றே ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவழியாகத் திறந்தால் உன் கிளவுட் பன்னிரண்டு மணி நேரமா, நாற்பத்தெட்டு மணி நேரமா என்று கேட்கிறது. நாற்பத்தெட்டுதான் மலிவு. உன் அப்பன் எதைத் தொட்டிருப்பான்? அமுக்கின பிறகு மாற்றத் தெரியவில்லை. பேச்சிராஜ் எட்டிப் பார்த்து, "நாப்பத்தெட்டு மணி நேரமா? அருவி வத்திக் கெடந்தாக்கூட ஒரு மழைக்கு ரெண்டு மணி நேரத்துல தண்ணி வந்துருது அண்ணாச்சி" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அது மசாஜா தண்டனையா, தெரியவில்லை.

புதன் சாயங்காலம் கிளவுடின் கதவு திறந்தது. வியாழன் மதியம்தான் முழுவதும் இறங்கியது. ஹம்னா கல்யாணம்தான், தப்பவில்லை. பொதிகை எக்ஸ்பிரஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜன்னல் வழியாக பென் டிரைவைக் கொடுத்தேன். என்ன பெயரில் இருந்தது என்று நூர்நிஷா கேட்டாள். ரயில் சத்தத்தில் காதில் விழாத மாதிரி நின்றேன். வெள்ளிக்கிழமை அதிகாரி பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தாராம், சிரித்தாராம், நல்லபடியாகத்தான் பேசினாராம். முடிவு வர மூன்று வாரம் ஆகும். ஹம்னா பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நீ குளிருக்குப் பயந்து தலைக்குக் குளிக்காமல் இருக்காதே. காலையில் வெறும் ரொட்டியைக் கடித்துவிட்டு ஓடாதே. மாப்பிள்ளையை அதிகம் அதட்டாதே, அது உன் அம்மா வழக்கம். இருவரும் குறைவில்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று கேட்டுச் சொல்: உள்ளே போன ஃபைலின் பெயரை வெளியே எடுக்காமல் மாற்ற முடியுமா? நானூற்றுச் சொச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா,
முத்துக்குமாரசாமி

பி.கு.: நேற்று அந்த வீடியோவை முதல் தடவையாகக் கடைசி வரை பார்த்தேன். சாப்பிடப் போகும்போது கேமராவை அணைக்காமல் ஸ்டாண்டில் விட்டிருக்கிறேன். பந்தியெல்லாம் முடிந்து ஆட்கள் ஏப்பம் விட்டுப் போன பிறகும், சுவரோரம் ஓர் அண்டா மூடி திறக்காமல் அப்படியே நிற்கிறது. அன்றைக்குப் பிரியாணி கிடைக்காமல் வந்தவன் நான் ஒருவன்தான்.