ராணி கையெழுத்திட்ட பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை

என் அன்பு அப்பா,

உங்களோடு கோபம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும்.

முதலில் செய்தி. ராணி பதவி விலகிவிட்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் அரசாண்டவர், நீங்கள் கண்மூடி மூன்று மாதத்தில், புத்தாண்டு உரையில் அதைச் சொன்னார். மகன் இப்போது ராஜா. அன்று அம்மா உங்கள் பழக்கத்தில் டிவிக்கு முன்னால் நின்றபடி, "என்ன சொல்லுறா, என்ன சொல்லுறா?" என்று திரும்பத் திரும்ப என்னைக் கேட்டார். விளங்காமல் இல்லை, நம்ப முடியாமல்.

ஒவ்வொரு வருடமும் கடைசி நாள், மாலை ஆறு மணிக்கு ராணியின் புத்தாண்டு உரை. பிரெடெரிசியா நகரத்து வீட்டில் நீங்கள் டை கட்டிக்கொண்டு எங்கள் எல்லோரையும் எழுப்பி நிறுத்துவீர்கள். டேனிஷ்காரர்களே சோபாவில் சாய்ந்துகொண்டுதான் பார்க்கிறார்கள் என்று நான் சிணுங்குவேன். "அவையளுக்குப் பிறப்பிலை கிடைச்சது. எனக்கு அவ கையெழுத்து வைச்சுத் தந்தது" என்பீர்கள்.

அது உண்மைதான். இந்த நாட்டில் குடியுரிமை ஒரு சட்டமாக வருகிறது. பெயர்ப் பட்டியலைப் பாராளுமன்றம் நிறைவேற்றும், ராணி கையெழுத்திடுவார். உங்கள் பெயரும் பக்கத்தில் ஊரின் பெயரும் இருந்த அந்தத் தாளை லேமினேட் பண்ணி, சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் வைத்தீர்கள். ராணி ஒவ்வொரு பெயராக வாசித்துத்தான் கையெழுத்து வைத்திருப்பார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்தப் பட்டியலில் அம்மா இல்லை. முதியோர் இல்லத்தின் சமையலறையில் நாள் முழுக்க டேனிஷ் கதைத்தவர் எழுத்துப் பரீட்சையில் தவறிவிட்டார். திரும்ப எழுது என்று சொல்வதை விட்டுவிட்டு நீங்கள் ராணிக்குக் கடிதம் எழுதினீர்கள்! பதினைந்து வயதில் அந்தக் கடிதத்தின் டேனிஷைத் திருத்தித் தந்தது நான்தான். கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் வேண்டும்.

"பதில் வரட்டும், பாப்பம்." எத்தனை வருடம் அப்பா? நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க விதிகள் இறுகிக்கொண்டே போயின. மொழிப் பரீட்சை கடினமானது. நாட்டைப் பற்றி இன்னொரு பரீட்சை வந்தது. அந்தச் சட்டங்களிலும் அதே ராணிதான் கையெழுத்திட்டார். மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியாது, அதுதான் அவருடைய வேலை. அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. வந்தவர்களை மரியாதையாக நடத்தவேண்டும் என்று அவர் ஒரு புத்தாண்டு உரையில் பேசினார், அதற்குப் பிறகுதான் தொழிற்சாலையில் உங்கள் பெயரை முழுதாகச் சொல்லக் கற்றார்கள் என்று நீங்கள் சொன்னதையும் மறக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல வார்த்தையைக் கேட்டுவிட்டு அதை அதிகாரம் என்று எப்படி நம்பினீர்கள்?

போன மாதம் உங்கள் அலுமாரியை ஒதுக்கினேன். டை வைக்கும் பெட்டியின் அடியில் கிரீடம் அச்சிட்ட கடித உறை இருந்தது. பதில் எப்போதோ வந்திருக்கிறது. தனி ஒருவரின் விண்ணப்பத்தில் மகாராணி தலையிட இயலாது, அமைச்சுக்கு எழுதுங்கள் என்று மரியாதையாக நாலு வரி. அதை வைத்துக்கொண்டா வராத பதிலுக்குக் காத்திருக்கச் சொன்னீர்கள்?

அதை அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் உறையை மட்டும் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. அது வந்த அண்டைக்கு அப்பா சோறு வேண்டாமெண்டு எழும்பிப் போனவர். நல்ல பதிலெண்டால் முழுப் பிரெடெரிசியாவுக்கும் சொல்லியிருப்பாரே."

"பிறகேன் அம்மா கேக்கேல்லை?"

"கேட்டால், அந்த மனிசன் ஆருக்கு முன்னாலை எழும்பி நிக்கிறது?"

நீங்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்தீர்கள், அவர் உங்களைக் காப்பாற்றினார். இடையில் அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயதாகிவிட்டது. விமான நிலையத்தில் இன்றைக்கும் அவர் வேறு வரிசை. பாராளுமன்றத் தேர்தல் நாளில் நாங்கள் வாக்களித்துவிட்டு வரும்வரை காருக்குள் இருக்கிறார். யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த மொழிப் பரீட்சையில் இந்த இலையுதிர்காலத்தில்தான், மூன்றாம் தடவையில், தேறினார். இனி நாட்டைப் பற்றிய பரீட்சை மட்டும் பாக்கி.

நேற்று வருடக் கடைசி நாள், ஆறு மணிக்கு ராஜா தன் முதல் புத்தாண்டு உரையைப் பேசத் தொடங்கினார். அம்மா எழுந்தார். நிற்கப்போகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவரோ ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பரீட்சைப் புத்தகத்தை என் மடியில் வைத்தார். "கேள்வியைக் கேள்."

அரசர் தனியாக ஒரு சட்டத்தை மாற்றலாமா என்று கேட்டேன்.

"தனிய ஒண்டும் செய்யேலாது. மந்திரியும் சேந்து கையெழுத்து வைக்கோணும்." சாமித்தட்டைப் பார்த்துச் சொன்னார்: "இதை அப்பாவும் பாடமாக்கியிருக்கலாம்." இருவரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன்.

கோபம் தீரவில்லை அப்பா. ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். பரீட்சைக்கு நானே அவரைக் கூட்டிப்போவேன், தவறினால் அடுத்ததற்கும். அம்மாவின் பெயர் அச்சாகி வரும் தாளை லேமினேட் பண்ணி உங்கள் தாளுக்குப் பக்கத்தில் வைப்பேன். ராஜா அதில் கையெழுத்து வைப்பார். மாட்டேன் என்று சொல்ல அவராலும் முடியாது.

இன்னும் உங்களோடு கோபமாக இருக்கும்,
உங்கள் மூத்தவள்