ஹாட்டியின் இரண்டு விரல்கள்

செப்டம்பர் 11, 1972
கனாப், யூட்டா

இன்றைக்கும் கால்சட்டையைத் துவைக்கக் கூடாது என்று உத்தரவு. இந்தப் படத்துக் கொள்ளைக்காரி ஹாட்டி க்ரோ தபால் வண்டியை மறித்துக் கொள்ளையடித்த காலத்தில் இந்தப் பக்கம் சோப்பு அவ்வளவாகக் கிடைக்காது என்று டைரக்டர் கார்வின் எங்கோ படித்திருக்கிறார். எலும்புப் பொத்தான், அரிக்கும் கம்பளித் துணி, கால் விரலைக் கடிக்கும் பூட்ஸ், எல்லாம் அசல். எனக்கு ஒரு புகாரும் இல்லை. இருபது வருஷமாக நடிகைகளுக்கு டூப் போடுகிறேன். விக் இல்லாமல் ஒரு படம் கிடைப்பது இதுதான் முதல் தடவை. வேறு படங்களில் கொள்ளைக்காரி என்றால் முடியைப் பறக்கவிட்டுக்கொண்டுதான் குதிரையில் போவாள், சட்டையில் மேல் பொத்தான் இருக்காது. ஹாட்டி முடியை வெட்டிக்கொண்டு, ஆண் உடுப்பு போட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்தாளாம். வண்டியில் இருந்தவர்கள் ஆம்பிளை என்றே நினைத்தார்களாம். அவளைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதல் நாள் கார்வின் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஹாட்டிக்கும் நாப்பது தாண்டியிருக்கும். அகல உடம்பு, வெயில்ல வெந்த மூஞ்சி. நெஜமா இப்படித்தான் இருந்திருப்பா" என்றார். குதிரைகளுக்கும் டூப் போடும் எங்களுக்கும் மேஸ்திரியான ஆரின் சும்மா இருப்பானா? "அப்ப வேஷத்தையும் இவளுக்கே குடுத்துருங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்றைக்கு அறையில் உட்கார்ந்துதான் யோசிக்கிறேன். ஏன் கொடுக்கக் கூடாது?

செப்டம்பர் 13

நாயகி வந்துவிட்டாள். ஆட்ரா லாஸ்கோ. நியூயார்க்கில் மேடை நாடகக்காரி, இருபத்தாறு வயது, இந்தக் காற்றில் ஒடிந்துவிடும் போல ஒரு கழுத்து. மேக்கப் வண்டியில் உட்காரவைத்து அவள் முகத்தில் சுருக்கம் வரைகிறார்கள், வெயில் புள்ளி வைக்கிறார்கள், பல்லில் கறை பூசுகிறார்கள். கார்வின் பக்கத்தில் நின்று "அசல்! அப்படியே அசல்!" என்று உருகுகிறார். அந்தச் சுருக்கமெல்லாம் எனக்குச் சும்மாவே வந்திருக்கிறது. நான் வெளியே வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனேன்.

பொறாமையா என்றால், ஆமாம், பொறாமைதான். இங்கே எழுதாமல் வேறு எங்கே போய்ச் சொல்வது.

செப்டம்பர் 15

குதிரை ஏறக் காட்டித் தரச் சொன்னாள். காட்டினேன். முதல் தடவையிலேயே ஏறிவிட்டாள், பாவி.

இருக்கட்டும். செம்மலைச் சரிவில் இறங்கும் கடைசிச் சவாரி என்னுடையது. அதில் யாரும் பங்கு கேட்க முடியாது. இடுப்பு வலி இருக்கிற நிலையில் அப்படி இன்னொரு சவாரி இனி எனக்கு வராது என்று ஆரினுக்கும் தெரியும். "அது உனக்குத்தான் வெர்னா" என்று வாக்குக் கொடுத்திருக்கிறான்.

செப்டம்பர் 19

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிடும்போது, சேணம் பூட்டும்போது, சும்மா உட்கார்ந்து புகைக்கும்போதுகூட. இன்றைக்கு பிஸ்கட் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். பிஸ்கட் என் குதிரை. சேண வார் இறுக்கும் நேரம் வந்தால் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்வாள். அவள் மூச்சு விடும்வரை காத்திருந்துதான் இறுக்க வேண்டும். அப்புறம் வலது கை உறையைப் பல்லால் கடித்து இழுத்தேன். எனக்கு அதுதான் வழி. பழைய படம் ஒன்றில் வண்டிச் சக்கரத்தில் மாட்டியதிலிருந்து இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்காது.

"வலிக்குமா?" என்று கேட்டாள்.

"குளிர் நாள்ல."

"கடிவாளத்தை எப்படிப் பிடிக்கிறீங்க?"

"மிச்ச விரலால."

நல்ல பெண் மாதிரிதான் கேட்டாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

செப்டம்பர் 22

திருடி. அப்பட்டமான திருடி.

இன்றைக்குத் தபால் வண்டிக் கொள்ளை எடுத்தார்கள். அவள் குதிரையிடம் போனாள். வயிற்றில் கை வைத்தாள். காத்திருந்தாள். உறையைப் பல்லால் இழுத்தாள். இடுப்பு வலிக்கிறவள் மாதிரி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள். கடிவாளத்தைப் பிடித்த இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் விறைத்து நின்றன. என் விரல்! எனக்கு மூன்று மாதம் ஆஸ்பத்திரி, அவளுக்கு ஒரு டேக்!

கார்வின் தொப்பியைத் தூக்கிப் போட்டார். "எங்கேம்மா பிடிச்ச இதை? ஹாட்டி உயிரோட வந்துட்டா!"

அவள் ஒரு நொடி என் பக்கம் பார்த்தாள். பிறகு, "தானா வந்துச்சு" என்றாள்.

தானா வந்துச்சாம். எப்படித்தான் வாய் வருதோ.

செப்டம்பர் 23

அவள் இருந்த பக்கமே போகவில்லை. பிஸ்கட்டைக்கூட அவளிடம் வேறொருவன்தான் கொண்டுபோய் விட்டான்.

செப்டம்பர் 26

சாப்பாட்டு வண்டியில் பீன்ஸுக்கு வரிசையில் நின்றபோது பின்னால் வந்து நின்றாள். தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

"என் கையை என்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்ட. ஒரு வார்த்தை கேட்டியா?" என்றேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல." கண்ணைத் தாழ்த்திக்கொள்ளாமல் சொன்னாள். "அந்த ஹாட்டி எப்படி நின்னா, எப்படி நடந்தான்னு ஒருத்தருக்கும் தெரியாது வெர்னா. பொத்தான் வரைக்கும் தேடிப் பிடிச்சிருக்காரு கார்வின். பொத்தானுக்குள்ள ஆள் வேணாமா? இங்க சுத்திப் பார்த்தேன். நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க."

பக்கத்தில் ராய்ஸ் நின்றுகொண்டிருந்தான். ஸ்டண்ட் ஆள், நல்ல பையன், வருஷக்கணக்காக நடிகைகளுக்கு டூப்பாக விக் வைத்துக்கொண்டு விழுந்து எழுந்தவன். வாயில் ரொட்டியோடு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் தட்டோடு நகர்ந்துவிட்டேன்.

அவள் சொன்னதில் ஒரு மரியாதை இருந்ததா? இருந்தால் என்ன, போஸ்டரில் யார் முகம்?

செப்டம்பர் 28

சவாரி ராய்ஸுக்குப் போய்விட்டது.

ஆரின் என் முகத்தைப் பார்க்காமல் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "மேலிடத்துல சொல்லிட்டாங்க வெர்னா. ஆம்பிளை உடுப்பு, மூஞ்சில துணி, ஒரே தூசி. உள்ளே யாருன்னு எவனுக்குத் தெரியப்போகுது? அவன் போனா அவங்களுக்குத் தைரியம்."

"முந்தியெல்லாம் அவனுக்கு விக்காவது வெச்சீங்க" என்றேன். "இப்ப அந்தச் செலவும் மிச்சம்."

"நான் என்ன பண்ணுவேன் தாயே, வாக்குக் குடுத்தது நெஜம்தான்."

எந்த அசல் உடுப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனோ அதே உடுப்பு என்னை வெளியே தள்ளிவிட்டது. முகம் அவளுக்கு, முதுகு அவனுக்கு. எனக்கு வாளி. அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

செப்டம்பர் 29

என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

சரிவின் அடியில் ஒத்திகை. ராய்ஸ் தயாராக நிற்கிறான். ஆட்ரா மேக்கப் வண்டியிலிருந்து பாதிச் சுருக்கத்தோடு இறங்கி வந்து, கார்வின் மூக்குக்கு முன்னால் இடது கையை நீட்டினாள்.

"இதுவரைக்கும் எடுத்த எல்லா ஷாட்லயும் ஹாட்டி மூணு விரல்லதான் கடிவாளம் பிடிக்கிறா. மலைமேல ஏறினதும் அஞ்சு விரலும் சரியாயிடுச்சா?"

கார்வின் ராய்ஸைப் பார்த்தார். "விரலை நீட்டிக்கிட்டு ஓட்டுப்பா."

ராய்ஸ் ஓட்டினான். நடையில் சரியாக இருந்தது. ஓட்டம் பிடித்ததும் அவன் விரல்கள் தானாக மடங்கிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டன. மறுபடி ஓட்டினான், மறுபடி மடங்கின. பிழைக்கத் தெரிந்த விரல்கள், என்ன செய்யும். திரும்பி வந்து அவனே சொன்னான்: "அவளையே விடுங்க சார். என்னால விழத்தான் முடியும், இப்படி ஓட்ட முடியாது."

சவாரி எனக்கு வந்துவிட்டது.

அவள் அதை எனக்காகச் செய்தாளா, தன் நடிப்புக்காகச் செய்தாளா? கேட்கவில்லை. கேட்க மாட்டேன். அவளுக்கு நன்றிக்கடன் படுவதைவிட அவளை வெறுப்பது சுலபமாக இருந்தது.

அக்டோபர் 3

முடிந்தது. ஒரே டேக்.

இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் யாராவது கேட்கும்போது ஏதாவது பெரிதாகச் சொல்லிவிடுவேன். காலையிலிருந்து குளிருக்குக் காப்பி காப்பியாகக் குடித்திருந்தேன். மேலே ஏறி நின்ற பிறகு மேகம் மறைத்துவிட்டது, வெளிச்சம் வரவில்லை, இறங்கவும் விடவில்லை. கீழே கொடி அசைவதற்காகக் காத்திருந்தபோது என் மனதில் ஓடியது ஒன்றுதான்: மூத்திரம் முட்டுகிறது. வீரமும் இல்லை, ஹாட்டியும் இல்லை. கொடி அசைந்தபோது, அப்பாடா, சீக்கிரம் கீழே போகலாம் என்றுதான் குதிரையைத் தட்டினேன்.

அந்தக் காலத்துச் சேணம், ஒரே வார், சரிவில் முன்னால் வழுக்கிக்கொண்டே வந்தது. பிஸ்கட் பின்னங்காலை மடித்துச் சறுக்கினாள். சிவப்பு மண் வாய்க்குள் போனது. பாதியில் முகத்துணி கழன்று கழுத்துக்கு வந்துவிட்டது. கேமராவை அடியில் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். அதற்கு நேர் மேலே, ஓர் ஆள் உயரத்தில், என் முகம். முழு முகம். இருபது வருஷத்தில் முதல் தடவை.

புதருக்குப் பின்னால் போய்விட்டு வந்தபோது கார்வின் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மூஞ்சி விழுந்துடுச்சு வெர்னா. இருக்கட்டும். அவ்வளவு தூசில அவளும் நீயும் ஒண்ணுதான். இவ்வளவு நெஜமா நான் எதையும் எடுத்ததில்ல. வெச்சுக்கறேன்."

வெச்சுக்கறேன் என்றார். என் காதால் கேட்டேன்.

அக்டோபர் 4

ஆட்ரா குதிரைக் கொட்டகைக்கு வந்தாள். "மேலே நின்னப்ப என்ன நெனச்சீங்க? அந்த மூஞ்சி எனக்கு வரவே வராது" என்றாள். அவள் முகத்திலும் பொறாமை இருந்தது. எனக்குத் தெரியாத சரக்கா அது?

"அது மட்டும் உனக்குக் கிடையாது" என்றேன்.

சிரித்தாள். தீப்பெட்டி அட்டையைக் கிழித்து நியூயார்க் ஃபோன் நம்பரை எழுதி நீட்டினாள். "சொல்லணும்னு தோணினா கூப்பிடுங்க." சேணப் பெட்டிக்குள் எறிந்துவிட்டேன்.

ஜூன் 16, 1973

படம் பார்த்தேன். ஆரினும் கூட வந்தான்.

சரிவில் குதிரை இறங்குகிறது. கொட்டகை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முகத்துணி கழல்கிறது. அடுத்து வந்தது ஆட்ராவின் முகம், பெரிதாக, கண்ணில் ஈரத்தோடு. எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆரினுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. வெளியே வந்துதான் சொன்னான். "ரிலீஸுக்கு முன்னாடி ஊர் ஜனங்களைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்த்தாங்களாம். உன் மூஞ்சி வந்ததும் சிரிச்சுட்டாங்களாம். யாருடா இந்த ஆம்பிளைன்னு."

ஹாட்டியையும் அப்படித்தானே நினைத்தார்கள்? அதைவிட அசல் என்ன வேண்டும் அவர்களுக்கு?

ஜூன் 20

பத்திரிகையில் விமர்சகன் எழுதியிருக்கிறான், கடைசிச் சவாரியில் ஆட்ரா முகத்தில் "ஒரு பெண்ணின் விடுதலை முழுவதும் தெரிகிறது" என்று. விடுதலையாம். இந்த வாரமெல்லாம் அவளுக்கு ஒரு பல்லாவது விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9, 1974

ஹாட்டி வண்டியை மறித்த ஊர் வழியாக வந்தேன். அந்த இடத்தைக் காட்ட இப்போது ஒரு வழிகாட்டி இருக்கிறார். "ஹாட்டியின் இடது கையில் ரெண்டு விரல் மடங்காது. வண்டிச் சக்கரத்தில் நசுங்கினது" என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "இந்த ஊர்ல அது எல்லாருக்கும் தெரியும்மா" என்றார். உறை போட்டிருந்த கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மே 21

டெலிவிஷனுக்காக ஹாட்டி கதையைத் தொடராக எடுக்கிறார்கள். வேறு நடிகை. டூப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு, இடுப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, பிஸ்கட்டோடு போனேன். சரித்திர ஆலோசகர் என்று கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயிற்றில் கை வைத்து வார் இறுக்கினேன். உறையைப் பல்லால் இழுத்தேன். ஒரு சுற்று ஓட்டி வந்தேன்.

"நல்லா கவனிச்சிருக்கீங்க" என்றார் அவர். "ஆனா ஹாட்டி விரல் இவ்வளவு விறைப்பா இருக்காது. கொஞ்சம் தளர்வா நிக்கும். படத்தை இன்னொரு தடவை பாருங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

மே 24

ராய்ஸை எடுத்துவிட்டார்கள். விக்கோடு. டெலிவிஷனில் முடி பறக்க வேண்டுமாம்.

மே 25

சேணப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். தீப்பெட்டி அட்டை அடியில் கிடந்தது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். யார் என்று சொன்னேன். திட்டத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆலோசகர் கதையைச் சொன்னேன். என் விரல் ஹாட்டி விரல் மாதிரி இல்லையாம் என்றேன்.

"அவன் நம்பரைக் குடுங்க. நான் பேசறேன். அது யார் விரல்னு நான் சொல்றேன்." கோபமாகச் சொன்னாள். நடிப்பில்லை, எனக்கு வித்தியாசம் தெரியும்.

"வேணாம் விடு. ராய்ஸுக்கு விக் மாட்டிட்டாங்க. இடுப்பும் இனிமே தாங்காது."

பிறகு நானே சொன்னேன். "அன்னிக்கு மேலே நின்னப்ப என்ன நெனச்சேன்னு கேட்டியே."

"சொல்லுங்க." மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மூத்திரம் வந்துச்சு."

சிரிக்க ஆரம்பித்தாள். "விடுதலைன்னு எழுதினானே வெர்னா! விடுதலைன்னு!" என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் வயிறு வலிக்கிறவரை சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் சிரிப்பில் இரண்டு அதிர்வேட்டு, நடுவில் ஒரு இருமல், முடிக்கும்போது மூக்கால் ஒரு இழுப்பு. அது என் சிரிப்பு. அதையும் எப்போதோ எடுத்திருக்கிறாள்.

எடுத்துக்கொள்ளட்டும்.